முதலில் எது அறுபட வேண்டும்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "வெளிநாட்டில இருக்கிற இன்ஜினியர்ங்கிற முறையில இருபது நிமிஷம் ஏதாவது பேசு" என்றார். தலைப்பு என்ன அண்ணே என்று கேட்டேன். "உனக்கு நல்லாத் தெரிஞ்சது எதுவோ அது" என்று வைத்துவிட்டார். யோசித்துப் பார்த்தேன். நான் வேலை பார்ப்பது பம்பு, குழாய், வால்வு. அதைப் பற்றிப் பேசினால் உங்களுக்கு முன்னால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். பத்து வருஷமாக கனடா நாட்டில், வான்கூவர் பக்கத்தில் குடியிருக்கிறேன். அங்கே சனி, ஞாயிறு வந்தால் நான் செய்கிற ஒரே உருப்படியான காரியம், ஃபிரேசர் ஆற்றில் ஸ்டர்ஜன் மீனுக்குத் தூண்டில் போடுவது. ஆகவே இன்று நான் பேசப்போவது தூண்டில் நரம்பைப் பற்றி. சிரிக்காதீர்கள். இந்தக் கல்லூரியில் படித்ததில் எனக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட ஒரு பாடம் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் மீனைச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் யாரும் பார்த்திருக்க மாட்டோம். ஸ்டர்ஜன் என்பது மிகப் பழைய மீன் குடும்பம். டைனோசர் காலத்திலேயே அதன் மூதாதைகள் இருந்தன. எலும்பு பெரும்பாலும் குருத்தெலும்புதான். செதில் கிடையாது, அதற்குப் பதில் உடம்பு நெடுக ஐந்து வரிசையாகக் கூர்மையான எலும்புத் தகடுகள். மூக்குக்குக் கீழே நான்கு மீசை. வாய் அடிப்பக்கம் இருக்கும், பல் இல்லை. குழாய் மாதிரி நீட்டி அடியில் கிடப்பதை உறிஞ்சிக் கொள்ளும். பணக்காரர்கள் சாப்பிடுகிற கேவியார் இந்தக் குடும்பத்து மீன்களின் முட்டைதான். ஃபிரேசரில் இருப்பது வெள்ளை ஸ்டர்ஜன் என்ற இனம். வட அமெரிக்காவின் நன்னீரில் அதைவிடப் பெரிய மீன் வேறில்லை. ஆறடி மீன் சர்வ சாதாரணம். எட்டடி, ஒன்பதடி மீனும் கிடைக்கும். நூறு வயதைத் தாண்டி வாழக் கூடியது. பெண் மீன் முதன்முதலில் முட்டையிடவே இருபது இருபத்தைந்து வருஷம் ஆகிவிடும். அப்புறமும் வருஷா வருஷம் இடாது; நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் பத்து வருஷம்கூட ஆகும்.

இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஃபிரேசருக்குத் தெற்கே அமெரிக்காவில் ஓடுவது கொலம்பியா ஆறு. அங்கே 1880-களின் கடைசியில் ஸ்டர்ஜன் வியாபாரம் சூடு பிடித்தது. 1892-இல் மட்டும் சுமார் 25 லட்சம் கிலோ பிடித்தார்கள். 1899 வருவதற்குள் பிடிக்க மீன் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷக் கூத்து, அவ்வளவுதான். ஃபிரேசரிலும் அதே கதை. 1897-இல் உச்சம், இருபதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்துக்குள் படுத்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் காத்திருந்து முட்டையிடுகிற பிராணியைப் பத்து வருஷத்தில் அள்ளினால் வேறு என்ன ஆகும்? 2022-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியல் போட்டபோது, ஸ்டர்ஜனும் அதன் உறவான துடுப்பு மீனுமாக உலகில் மிஞ்சியிருந்த 26 இனங்களும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தது. சீனத்துத் துடுப்பு மீன் அழிந்தே போயிற்று என்று அப்போதுதான் எழுதினார்கள்.

ஃபிரேசரில் 1994 முதல் தூண்டிலில் பிடித்த ஸ்டர்ஜனை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பிடிக்கலாம், அளக்கலாம், தொட்டுப் பார்க்கலாம், திரும்ப விட்டுவிட வேண்டும். அதற்குத் தனியாக லைசென்ஸ், பணம் கட்டி. "காசு குடுத்து மீன் பிடிச்சு ஆத்துலயே விடுறதுக்கு நீ கனடா போகணுமாடா?" என்று என் அப்பா கேட்டார். அவருக்கு இன்றுவரை நான் சரியான பதில் சொல்லவில்லை.

இப்போது நான் செய்த தவற்றுக்கு வருகிறேன்.

போய்ச் சேர்ந்த முதல் வருஷம் இலையுதிர்காலம். கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் சால்மன் பிடிக்கிற ராடு ஒன்றைக் கொடுத்தார். 25 பவுண்டு நைலான் நரம்பு, சின்ன ரீல். பவுண்டு என்று சொன்னால் அந்த நரம்பு அறுபடும் சுமை. 25 பவுண்டு என்றால் பதினொரு கிலோ சொச்சம். சில்லிவாக் ஊருக்குப் பக்கத்தில் கரையில் நின்று, சால்மன் துண்டு ஒன்றைக் குத்திப் போட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு மாட்டியது. நம்மூர்ப் பையன் இல்லையா, சின்ன வயதில் வாய்க்காலில் தங்கூஸ் நரம்பைக் கையில் சுற்றி கெளுத்தி பிடித்தவன். பெரிய மீன் என்றதும் தலைகால் புரியவில்லை. அது போன பக்கமெல்லாம் நானும் கரையோடு ஓடினேன். நரம்பு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் ரீலின் டிராக்கைத் தளர்த்தித் தளர்த்தி வைத்தேன். டிராக் என்பது ரீலுக்குள் இருக்கிற கிளட்ச் மாதிரி. இவ்வளவு இழுத்தால் நரம்பை விட்டுக்கொடு என்று சொல்லி வைப்பது. நான் வைத்த அளவு மூன்று கிலோ இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. என் வாழ்க்கையில் அதுவரை நடந்த மிகப் பெரிய வீரச் செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் மீன் கரைக்கு வந்தது. ஏழடி இருக்கும். நிமிர்ந்து வரவில்லை, ஒருக்களித்து வந்தது. செவுள் மெதுவாக, ரொம்ப மெதுவாக அசைந்தது. முள்ளைக் கழற்றிவிட்டேன். போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், ஒன்றும் பேசாமல் தன் ராடைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பிடித்தார். தலையை நீரோட்டத்துக்கு எதிரே வை என்று மட்டும் சொன்னார். முக்கால் மணி நேரம் நின்றோம். கால் மரத்துப் போயிற்று. கடைசியில் கையிலிருந்து நழுவி ஆழத்துக்குள் போயிற்று. நீந்திப் போனதா, மூழ்கிப் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கரைக்கு வந்ததும் பெரியவர் என் ராடை எடுத்துப் பார்த்தார். நரம்பை விரலில் நிரடிப் பார்த்தார். "இது உன் அப்பா வயசு மீன். இந்த நூலை வைத்துக்கொண்டு அதை நீ பிடிக்கவில்லை, ஓட ஓட மூச்சை நிறுத்தப் பார்த்தாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

நண்பர்களே, மெல்லிய நரம்பில் பெரிய மீன் பிடிப்பது திறமை என்று ஒரு எண்ணம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தின்பதற்குப் பிடிக்கிற இடத்தில் அது அவரவர் பாடு. ஆனால் விடுவதற்கென்றே பிடிக்கிற இடத்தில் அது முழுத் தப்பு. இழுவை குறைவாக இருந்தால் மீன் மணிக்கணக்காகப் போராடும். தசையில் லாக்டிக் அமிலம் சேரும். கோடையில் தண்ணீர் சூடாகிவிட்டால் இன்னும் மோசம், மீளவே நேரம் பிடிக்கும், சில மீளாது. ஸ்டர்ஜனுக்குத் தடித்த நரம்பு வாங்குவது மீன் தப்பிக்கக் கூடாது என்பதற்காக அல்ல. சீக்கிரம் முடித்து, சீக்கிரம் விடுவதற்காக. இது புரிய எனக்கு ஒரு மீன் தேவைப்பட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்போதுதான் நம் காலேஜ் ஞாபகம் வந்தது.

மூன்றாம் வருஷம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேப். எங்கள் செட்டுக்கு நினைவிருக்கும். சார் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, முன்வரிசையில்தான் இருக்கிறார். இழுவைச் சோதனை முடிந்து ரீடிங் எழுதிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவன் பையிலிருந்து தங்கூஸ் நரம்பை எடுத்து, இதை இழுத்துப் பார்க்கலாமா சார் என்று கேட்டான். லேப் அண்ணன் முறைத்தார். சார் சரி என்றார். மிஷினின் தாடையில் பிடித்தால் நரம்பு வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு இரண்டு கொக்கியில் முடிச்சுப் போட்டு, அந்தப் பெரிய மிஷினை விட்டுவிட்டு, ஸ்பிரிங் தராசை வைத்துக் கையால் இழுத்தோம். நாலு தடவை இழுத்தோம், நாலு தடவையும் முடிச்சில்தான் அறுந்தது. அட்டையில் போட்டிருந்த சுமைக்கு ரொம்பக் கீழே அறுந்தது. சார் அப்போது ஒரு கேள்வி கேட்டார்: "எது முதல்ல உடையும்னு கண்டுபிடிச்சிட்டீங்க. எது முதல்ல உடையணும்னு யாராவது யோசிச்சீங்களா?"

அன்றைக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. ஹாஸ்டலில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று நம் சூரர் ஒருவர் தடிக் கம்பியைச் சுற்றி வைத்தாரே, அப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை, வயரிங்தான் கருகிப் போயிற்று. அந்த ராத்திரிதான் கொஞ்சம் புரிந்தது. முழுசாகப் புரிந்தது ஃபிரேசர் ஆற்றங்கரையில்.

இப்போது நரம்புக்கு வருவோம். நம்மூரில் தங்கூஸ் என்று சொல்வது நைலான். டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கியது. அதற்கு முன்னால் லினன் நூலும் பட்டும்தான். நைலான் மலிவு, பாறையில் உராய்ந்தால் ஓரளவு தாங்கும், முடிச்சு நன்றாக நிற்கும். ஆனால் ரப்பர் மாதிரி நீளும். அறுபடும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் நீளும். தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் பலமும் இழக்கும். அறுபது மீட்டர் நரம்பு வெளியே இருக்கும்போது நீங்கள் ராடை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கினாலும் அந்த முனையில் மீன் வாயில் முள் சரியாக ஏறாது. பாதி வேலையை நரம்பே தின்றுவிடும்.

அடுத்தது பின்னல் நரம்பு. கடைக்காரர்கள் பிரெய்ட் என்பார்கள். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்றெல்லாம் பெயர் வரும். உள்ளே இருப்பது வெறும் பாலித்தீன்தான். காய்கறிப் பையின் பங்காளி. வித்தியாசம் என்னவென்றால் மூலக்கூறுச் சங்கிலி பல மடங்கு நீளம். அதைக் கரைப்பானில் கரைத்து, கூழ் மாதிரி ஆக்கி, இழையாக இழுத்து, சங்கிலிகளையெல்லாம் ஒரே திசையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். நெதர்லாந்தின் டிஎஸ்எம் கம்பெனி விஞ்ஞானிகள் கண்டுபிடித்த முறை. 1990 வாக்கில் அங்கே தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு பலம். குண்டு துளைக்காத சட்டையிலும் இதுதான். நூற்றுக்கு நாலைந்துக்கு மேல் நீளாது.

ஸ்டர்ஜன் ஆற்றில் இதன் பெரிய லாபம் பலம்கூட இல்லை, பருமன். 130 பவுண்டு நைலான் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். அதே பலத்துக்குப் பின்னல் நரம்பு அரை மில்லிமீட்டர் அளவுதான். ஃபிரேசர் சும்மா நிற்கிற தண்ணீர் இல்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மறந்திருக்க மாட்டீர்கள்: நரம்பின் மேல் நீரோட்டத்தின் இழுவிசை விட்டத்துக்கு நேர் விகிதம், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். விட்டம் பாதியானால் இழுவிசை பாதி. அதனால் இரையைத் தரையில் நிறுத்தி வைக்க ஒரு கிலோ ஈயம் தேவைப்பட்ட இடத்தில் அரைக் கிலோ போதுமானதாகிவிடுகிறது. மே, ஜூன் மாதம் பனி உருகி ஆறு பொங்கும்போது வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு. அப்போது எந்த நரம்பும் உதவாது, வீட்டில் இருப்பது நல்லது.

தாராளமாக வாங்குங்கள் என்று சொல்லுமுன் பின்னல் நரம்பின் குணக்கேட்டையும் சொல்ல வேண்டும். வழவழவென்று இருக்கும், நம் வழக்கமான முடிச்சு உருவிக்கொண்டு வந்துவிடும். நரம்பை இரட்டையாக மடித்துப் போடுகிற பாலோமர் முடிச்சுதான் எனக்குக் கைகொடுக்கிறது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரப்படுத்த வேண்டும். ரீலின் உருளையில் நேராகச் சுற்றினால் நரம்பு மொத்தமாகச் சுழலும், நீங்கள் என்னமோ டிராக் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றி, அதன்மேல் இதைச் சுற்ற வேண்டும். முறுக்கேறி நிற்கும்போது கூரான பாறை பட்டால் கத்தி வைத்த மாதிரி போய்விடும். முக்கியமாக, மீன் ஓடும்போது கையால் பிடித்தால் விரல் போய்விடும். கையில் சுற்றிப் பழகிய நம் ஆட்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

நீளாத நரம்பு அதிர்ச்சியைத் தாங்காது. அந்த வேலையை ராடும் டிராக்கும் செய்ய வேண்டும். ஆகவே ராடு ஏழெட்டு அடியில், அடிப்பாகம் உரமாகவும் நுனி வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். டிராக்கை நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு வைக்கலாம். தராசைக் கட்டி இழுத்து வைக்க வேண்டும், உத்தேசமாக அல்ல. இதிலே ஒரு சூட்சுமம் உண்டு, மாணவர்கள் கவனிக்கவும். டிராக் கொடுப்பது விசை அல்ல, திருப்புவிசை. உருளை நிறைய நரம்பு இருக்கும்போது விட்டம் ஆறு சென்டிமீட்டர், நீங்கள் பத்துக் கிலோ வைத்தீர்கள். மீன் இருநூறு மீட்டர் கொண்டுபோய் விட்டம் நாலு சென்டிமீட்டர் ஆகிவிட்டால், நீங்கள் எதையும் தொடாமலே அது பதினைந்து கிலோ ஆகிவிடும். அந்த நேரம் பார்த்துப் பதற்றத்தில் இன்னும் இறுக்குகிறவர்கள்தான் அதிகம். படகில் இருந்தால் நங்கூரக் கயிற்றை மிதவையில் மாட்டி விட்டுவிட்டு மீன் பின்னாலேயே போய்விடலாம். கரையில் நிற்பவனுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் பெரிய மீன் இருக்கிற இடத்தில் இப்போது நான் கரையிலிருந்து போடுவதில்லை.

இருநூறு கிலோ மீனை அறுபது கிலோ நரம்பு எப்படித் தாங்கும் என்று யாராவது கேட்பீர்கள். மீனின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது. நரம்பு தாங்குவது அதன் உந்துதலையும் நீரோட்டத்தின் இழுப்பையும் மட்டும். அதே காரணத்தால்தான் பெரிய ஸ்டர்ஜனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது. வெளியே வந்ததும் அதன் எடை முழுக்க அதன் குருத்தெலும்பு உடம்பின் மேலேயே இறங்கும், உள்ளுறுப்பு நசுங்கும். ஐடஹோ மாநிலத்தில் எந்த ஸ்டர்ஜனையும் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. மடியில் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கிற ஆசை இருந்தால் கெளுத்தியோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

இனி கடைசி இரண்டடி. முள்ளைக் கட்டுகிற துண்டு நரம்பை லீடர் என்பார்கள். இங்கேதான் கடைக்காரர்கள் விளையாடுவார்கள். தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத ஃபுளோரோகார்பன் என்று விலை சொல்வார்கள். ஃபிரேசர் வண்டல் கலந்து டீ மாதிரி ஓடுகிற ஆறு. ஸ்டர்ஜனுக்கோ சின்னக் கண். அது இரை தேடுவது மீசையாலும் வாசனையாலும். அதற்குத் தெரியாமல் இருக்க நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அந்தக் காசுக்கு நல்ல இரை வாங்கலாம். லீடர் மிருதுவாகவும், மீனின் சொரசொரப்பான தோலிலும் தகட்டிலும் உரசினால் தாங்குவதாகவும் இருந்தால் போதும். நான் தடித்த பின்னல் நரம்பையே வைத்திருக்கிறேன். முள் ஒற்றை முள், எதிர்முள் இல்லாதது. அங்கே சட்டமும் அதுதான். எதிர்முள் இல்லையென்றால் மீன் கழன்று போய்விடாதா என்பார்கள். நரம்பைத் தளரவிடாமல் இருந்தால் போகாது. போனாலும் என்ன, எப்படியும் விடப்போகிற மீன்தானே.

இப்போது சாருடைய கேள்வி. எது முதலில் அறுபட வேண்டும்?

ஆற்றடியில் நடப்பதைப் பாருங்கள். ஈயக்குண்டு பாறை இடுக்கிலோ பழைய மரக்கட்டையிலோ சிக்குகிறது. எல்லாம் ஒரே பலமாக இருந்தால் அடித்து இழுக்கும்போது எங்கேயாவது அறும். பெரும்பாலும் மேலே, முடிச்சில். முள்ளும் இரையும் நீள நரம்பும் ஆற்றடியில் கிடக்கும். உறிஞ்சித் தின்கிற மீன் இல்லையா, நாளைக்கு வந்து அந்த இரையை முள்ளோடு விழுங்கும். இன்னும் மோசம், மீன் மாட்டியிருக்கும்போதே குண்டு சிக்கிக்கொள்வது. அப்போது மீன் ஒரு பாறையில் கட்டிப்போட்ட நாய் மாதிரி ஆகிவிடும்.

அதற்காகத்தான் குண்டை நேராக நரம்பில் கட்டுவதில்லை. முக்கிய நரம்பின்மேல் தாராளமாக நகரும் ஒரு சிறிய வளையம். அதிலிருந்து ஒரு சாண் மெல்லிய நைலான். அதன் முனையில் குண்டு. அந்த மெல்லிய துண்டுதான் ஃபியூஸ். என் கணக்கு இது: முக்கிய நரம்பு 130 பவுண்டு, லீடர் 100, குண்டைத் தொங்கவிடும் துண்டு 20. சிக்கினால் குண்டு மட்டும் போகும். மீன், முள், நரம்பு எல்லாம் நம்மிடம். அதையும் மீறி மீன் பலமாகப் போனால் லீடரில் அறும். அதன் வாயில் மிஞ்சுவது ஒரு முள்ளும் இரண்டடி நூலும். துருப்பிடிக்கிற முள்ளாக வாங்கினால் அதுவும் நாளடைவில் போய்விடும். எந்தத் துரதிர்ஷ்டத்திலாவது முக்கிய நரம்பே மேலே அறுந்தால்கூட, வளையம் அறுந்த முனை வழியாக உருவிக்கொண்டு கழன்றுவிடும். மீன் குண்டைச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம். இந்த நகரும் வளையமும் மெல்லிய துண்டும் ஐடஹோவில் ஸ்டர்ஜன் பிடிக்கிறவர்களுக்குச் சட்டப்படி கட்டாயம். நான் என்னமோ குளிர்காலம் முழுக்க நோட்டில் படம் போட்டுக் கண்டுபிடித்ததாக நினைத்து அந்தப் பெரியவரிடம் காட்டினேன். அவர் தன் ராடை எடுத்துக் காட்டினார். அதில் அப்படித்தான் கட்டியிருந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்கக் கூடாது. 20 பவுண்டுத் துண்டில் அரைக் கிலோ குண்டைக் கட்டிக்கொண்டு வீசி எறிய முடியாது. எறிந்தால் குண்டு தனியாகப் பறக்கும். படகிலிருந்து மெதுவாக இறக்க வேண்டும். முதல் மாதத்தில் எட்டுக் குண்டு தொலைத்தேன். ஈயம் ஆற்றுக்கு நல்லதில்லை என்று உறுத்தியதால் இப்போது முடிந்த இடத்தில் இரும்பு வெட்டுத் துண்டு கட்டுகிறேன்.

போன செப்டம்பரில் மிஷன் ஊருக்கு மேலே ஒரு மீன் மாட்டியது. என் மனைவி கடிகாரம் பார்த்தாள்: இருபத்திரண்டு நிமிஷம். பாதியில் ஒரு தடவை தண்ணீரை விட்டு முழுசாக மேலே எழும்பி விழுந்தது. என் பெண் கத்தியதில் அக்கரை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆழமில்லாத இடத்துக்குக் கொண்டுவந்தபோது மீன் நிமிர்ந்தே நின்றது. குண்டு எங்கோ சிக்கி அறுந்திருந்தது, அதை நாங்கள் கவனிக்கக்கூட இல்லை. அங்கே ஃபிரேசர் ஆற்று ஸ்டர்ஜன் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று 1997-இல் தொடங்கியது. படகோட்டிகளுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்து, மீனின் தோலுக்கடியில் அரிசி அளவு அடையாளச் சில்லு வைக்கவும் படிக்கவும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். பல ஆயிரம் மீன்களின் ஜாதகம் அப்படிச் சேர்ந்திருக்கிறது. என்னோடு வந்த படகுக்காரர் கருவியைத் தலைக்குப் பின்னால் வைத்துத் தடவினார். பீப் என்றது. ஏற்கெனவே யாரோ பிடித்து, அளந்து, எண் கொடுத்து விட்ட மீன். நீளம் அளந்து எழுதினோம், இரண்டு மீட்டர் பதினொரு சென்டிமீட்டர். முள்ளை எடுத்ததும் கைவைத்துப் பிடிக்க வேண்டியே இருக்கவில்லை. வாலால் ஒரு அடி, எங்கள் மூன்று பேர் முகத்திலும் தண்ணீர்.

முதல் வருஷத்து மீனுக்குச் சில்லு இருந்ததா என்று அன்றைக்குப் பார்க்க என்னிடம் கருவி இல்லை. அதனால் ஒவ்வொரு தடவை பீப் என்று கேட்கும்போதும் அதுவாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைப்பேன். கணக்குப்படி வாய்ப்பு ரொம்பக் குறைவு. இருந்தாலும் நினைப்பேன்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். உங்களில் யாராவது அந்தப் பக்கம் வந்தால் சொல்லி அனுப்புங்கள். ராடு என்னிடம் இரண்டு இருக்கிறது, லைசென்ஸ் மட்டும் நீங்கள் எடுக்க வேண்டும். கம்பளி சாக்ஸ் கொண்டு வாருங்கள். தங்கூஸ் கொண்டு வர வேண்டாம். முடிச்சுப் போடத் தெரியாதவர்களுக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம், பழைய லேப் வாசலில், நானும் சாரும் சொல்லித் தருகிறோம். ஐந்து மீட்டர் நரம்பு கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.